தவிட்டுக்கு விற்ற மகள்

எங்களை அனுப்பினார்கள். நாங்களாகப் போகவில்லை. ரப்பர் விலை விழுந்த காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், ‘தமிழ்க் கூலிகள் ஊர் திரும்பினார்கள்’ என்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த ஊர்? நான் பிறந்தது கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். வாழ்க்கைப்பட்டது துறைமுகத்து லயத்தில். இந்தியாவை அதுவரை நான் படத்தில்கூடப் பார்த்தது இல்லை. பார்க்காத ஊருக்கு ஒருத்தி எப்படித் திரும்புவாள்?

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் உட்கார்ந்தேன். அங்கே கற்ற எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

துறைமுகத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையாது. ‘போர்ட்’ என்போம். கிள்ளானிலிருந்து வரும் ரயில் அங்கே முடியும். அதற்கு அப்பால் சேறு, கண்டல் மரம், கடல். பெரிய கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தொங்கான் என்கிற அகலமான மரப்படகுகள் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு வரும். ஆண்கள் அதைக் கிடங்குக்குச் சுமந்தார்கள். பெண்கள் நாங்கள் கிடங்கு வாசலில் வரிசையாக உட்கார்ந்து, கிழிந்த சாக்குகளைத் தைத்தோம். ரங்கூன் அரிசி, ஜாவாச் சர்க்கரை, தவிடு, உப்பு எல்லாமே சாக்கில்தான் வரும். பத்துச் சாக்குக்கு ஒன்று வாய் பிளந்திருக்கும். சுமக்கிறவன் ‘கிழிசல்!’ என்று கத்திக்கொண்டே எங்கள் முன்னால் போட்டுவிட்டுப் போவான். அவன் அடுத்த மூட்டையோடு வருவதற்குள் தைத்து முடித்திருக்க வேண்டும். சிந்தினால் பழி எங்கள் தலையில் விழும்.

இரண்டு பேராகத்தான் தைப்போம். ஒருத்தி இந்த முனையிலிருந்து, ஒருத்தி அந்த முனையிலிருந்து. நடுவில் சேர்ந்து ஒரே முடிச்சு. என் ஜோடி பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு இடது கைப் பழக்கம். எனக்கு வலது கை. அதனால் எங்கள் முழங்கைகள் இடித்துக்கொண்டதே இல்லை. பத்து வருடம் அப்படித் தைத்தோம். என் புருஷன் அவளை அக்கா என்று கூப்பிடுவார். அதனால் எனக்கு அவள் மதினி. ரத்த சொந்தம் ஒன்றும் இல்லை. லயத்தில் யாருக்கும் யாரோடும் அப்படிச் சொந்தம் கிடையாது. நாங்களாக வைத்துக்கொண்டதுதான்.

நான் மூன்று பிள்ளைகள் பெற்று மூன்றையும் புதைத்தேன். ஒன்று குளிர் காய்ச்சலில் போனது. ஒன்று வயிற்றுப்போக்கில் போனது. ஒன்று ஏன் போனது என்றே தெரியாது, காலையில் எழுந்து பார்த்தேன், போயிருந்தது. நான்காவது வயிற்றில் இருந்தபோது லயத்துப் பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். இதைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். பெற்றவளுக்கு ராசி இல்லை, இனி இது அவளுடைய பிள்ளையாக இருக்கக் கூடாது.

படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூன்று குழி வெட்டியவர்களிடம் வந்து சிரிக்கட்டும்.

பெண் பிறந்த பதினோராம் நாள் அவளை முறத்தில் கிடத்தி, லயத்துக் கோடியில் குப்பை மேட்டில் வைத்தோம். மதினி ஒரு படி தவிட்டோடு அந்தப் பக்கமாக வந்தாள். கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை.

“குப்பையில ஏதோ புள்ள கெடக்கே, யாருதுடி இது?”

“யாருதோ. எனக்குத் தெரியாது.”

“தவிடு தரேன், குடுத்துடறியா?”

“எடுத்துக்க. எனக்கு எதுக்கு?”

இப்படித்தான் சொல்ல வேண்டும், இதுதான் முறை. மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதினி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பால் கொடுக்க என்னிடம் கொண்டுவந்தாள். அந்த ஒரு மணி நேரத்தை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஏழு வயது முடியும் வரை பெற்றவள் ‘என் பிள்ளை’ என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால், பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகிறது எதுவோ, அது கேட்டுக்கொள்ளும். பிள்ளை என்னை அத்தை என்று கூப்பிட்டாள். மதினியை அம்மா என்று கூப்பிட்டாள். என் பாலைக் குடித்து, என் பாயில் படுத்து, என்னை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு ஐந்து வயது வரை உயிரோடு வளர்ந்தாள். உயிரோடு இருக்கிறாளே, அது போதும் என்று இருந்தேன்.

ரப்பர் விலை விழுந்தது. கப்பல்கள் குறைந்தன. நாள் முழுக்க ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கேரித் தீவிலிருந்தும் உள்நாட்டுத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் மூட்டை முடிச்சோடு வந்து இந்தியாவுக்கு அனுப்பும் ஆட்களை வைக்கிற கப்பல் டிப்போவில் காத்துக் கிடந்தார்கள். நாங்கள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம். பாவம் என்றோம். எங்கள் முறை வரும் என்று நினைக்கவில்லை. துறைமுகம் இல்லாமல் இந்த நாடு எப்படி நடக்கும் என்று பேசிக்கொண்டோம். மடத்தனம்.

என் புருஷனுக்கு அதற்கு முந்தின வருடம் வலது கை நசுங்கிப் போயிருந்தது. அலையில் தொங்கான் வந்து கம்பத்தில் மோதியபோது நடுவில் கை மாட்டிக்கொண்டது. கை இருந்தது, பிடிக்காது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேயில் அவருக்கு ஒரு சித்தப்பா மகன் இருந்தார். அவரைப் பார்த்து வேலை கேட்கக் கோலாலம்பூருக்குப் போனார். அங்கே கையைப் பார்த்தார்கள். சோறு போட்டு அனுப்பிவைத்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தார்.

ஒரு மத்தியானம் கிள்ளான் ஆபீசிலிருந்து கணக்கு எழுதுகிற கிராணி ஒருவர் லயத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை, மடித்த குடை. மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு வீடு வீடாகக் கேட்டு எழுதினார். எதற்கு என்று சொல்லவில்லை. அம்மை குத்துகிறதுக்கு ஆள் கணக்கு எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் அதையே நம்பினோம்.

என் வாசலுக்கு வந்தார். பிள்ளை என் மடியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.

“இந்த வீட்டிலை எத்தினை பேர்?”

“ரெண்டு பேரு, கிராணி ஐயா. நானும் எங்க வீட்டுக்காரரும்.”

“அப்ப உந்தப் பிள்ளை ஆற்றை?”

யாருடைய பிள்ளை என்று நான் வாயால் சொல்லவில்லை. மோவாயை ஆட்டி மதினி வீட்டைக் காட்டினேன். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே குரலில், “அது அந்த வீட்டுப் புள்ளைங்க, ஐயா!” என்றார்கள். ஐந்து வருடப் பழக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம். மதினி தன் வாசலில் நின்றுகொண்டு, “ஆமா, என் புள்ளதான்” என்றாள்.

அவர் எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொன்னதைத்தான் எழுதினார்.

இரண்டு வாரம் கழித்துத் தண்டல் ஒரு பட்டியலோடு வந்தார். எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலை ஆள். படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து சொன்னார். அடுத்த நாகப்பட்டினம் கப்பலில் பதினோரு வீடு போகிறது. எங்கள் வீட்டில் இரண்டு டிக்கெட்.

“மூணு,” என்றேன்.

“ரெண்டுதான் சொன்னாங்க. நீயும் அவனும்.”

“புள்ள?”

தண்டல் தலையைச் சொறிந்தார். “புள்ளை அந்த வீட்டுக் கணக்குல இருக்கு. அவங்க போகலியே. அவங்களுக்கு வேலை இருக்கு.”

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மதினி சாக்கைத் தைத்துக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

நான் தண்டலைப் பிடித்துக் கத்தினேன். நாய், பேய் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவர் வாங்கிக்கொண்டார். “என்னை ஏன் திட்டுற, புள்ள? நானா எழுதுனேன்? நீயே சொன்னதுதான லா,” என்றார். அது உண்மை. உண்மை என்பதால் இன்னும் கத்தினேன்.

அன்றைக்கு என் புருஷன் சொன்னார், “விட்டுட்டுப் போவோம்.”

“எதை?”

“புள்ளையை. ஏழு வயசு வரைக்கும் அக்காகிட்ட இருக்கட்டும். அங்க போயி என்ன சாப்பிடப் போறோம்னு எனக்கே தெரியாது. என்னால பிச்சை எடுக்கக்கூடக் கையை நீட்ட முடியாது.”

நான் அவரோடு மூன்று நாள் பேசவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. போகிற இடத்தில் அவருக்கு ஒரு பெரியப்பா இருந்தார். உயிரோடு இருக்கிறாரா என்பது தெரியாது. இங்கே மதினி புருஷன் கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர், கடைசி வரை வேலையில் வைத்திருப்பார்கள். இங்கே சோறு உண்டு. எல்லாம் எனக்குத் தெரியும்.

லயத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி, “பெத்தவகூடப் போறதுதான் முறை” என்றாள். ஒருத்தி, “ஏழு வயசுக்கு முன்னால தொட்டா எமனுக்கு வாசலைக் காட்டின மாதிரி” என்றாள். இன்னொருத்தி, “ரெண்டு பேரும் சாக்கு தைக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு முனையிலேர்ந்து புள்ளையை இழுங்கடி” என்றாள். அவளைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. மதினி அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. நான் தனியாகத் தைத்தேன். பாதிச் சாக்கு தாண்டியதும் நூல் கோணிக்கொண்டு போனது.

சாயங்காலம் அவள் வாசலுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உள்ளே இருந்தாள்.

“மதினி, நாளைக்குக் கிள்ளான் ஆபீசுக்கு வரணும். புள்ள ஒன்னுது இல்லைன்னு சொல்லணும்.”

“ஏழு வயசு ஆவல.”

“ஏழு வயசு வரைக்கும் கப்பல் நிக்காது.”

“அப்ப புள்ள நிக்கட்டும். ரெண்டு வருஷந்தானே. அப்புறமா வந்து கூட்டிட்டுப் போ.”

“எதுல வருவேன்? நீந்தியா?”

முறத்தைக் கீழே வைத்தாள். “அங்க ஒனக்கு யாருடி இருக்கா? சோத்துக்கு என்ன பண்ணுவ? ஒரு கையை வச்சிக்கிட்டு அந்த மனுசன் என்ன பண்ணுவான்? மூணைக் குழியில வச்சவ நீ. இதையும் கடல்ல போடப் போறியா? நான் தவிடு குடுத்து வாங்கினேன். என் கையில குடுத்தப்புறம்தான் இது பொழைச்சுது. ஊருக்கே தெரியும்.”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொளுத்திவிட்டது. நான் சொன்னேன்:

“பெத்தவளுக்குத் தெரியும் வலி. மலடிக்கு என்ன தெரியும்?”

இதைக் குறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. இந்த வார்த்தையைத்தான் சொன்னேன். லயமே கேட்கிற மாதிரிச் சொன்னேன். பத்து வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவளிடம். என் மூன்று பிள்ளைகளையும் குளிப்பாட்டிப் புதைக்கக் கொடுத்தவளிடம்.

அவள் எழுந்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளையை வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். எங்கள் லயத்தில் படுக்கப் போகிற வரைக்கும் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். அந்தக் கதவு சாத்தியது எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் காலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலடிக்குப் போனேன். மதினி இல்லாமல் போய் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கிராணி காலில் விழலாம் என்று இருந்தேன். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறினால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். சலவைச் சேலை கட்டி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. பிள்ளை “அம்மா!” என்று தாவி அவள் மடிக்குப் போனாள். கிள்ளான் வரை மூன்று பேரும் அப்படியே போனோம். நானும் அவளும் பேசவில்லை. பிள்ளை மட்டும் வழியில் நின்ற எருமைகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

ஆபீசில் வெளி பெஞ்சில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். பிறகு அதே கிராணி கூப்பிட்டார். மேசைக்கு முன்னால் நின்றோம்.

“ஐயா, இந்தப் புள்ளையை என் டிக்கெட்டுல சேக்கணும்,” என்றேன்.

அவர் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். “இது இவவின்ரை பிள்ளையெண்டெல்லே எழுதியிருக்கு. நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“தப்பாச் சொல்லிட்டோம்.”

“பெத்த பிள்ளையைத் தப்பாச் சொல்லுறதோ? என்ன விசர்க் கதை இது?” மதினியைப் பார்த்தார். “நீர் சொல்லும். இது உம்முடைய பிள்ளையோ இல்லையோ?”

மதினி பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுத்தும் அவள் பக்கம், பிள்ளையும் அவள் பக்கம். என்னிடம் ஒன்றுமில்லை. நான் அவளைப் பார்க்கவில்லை, மேசை மேலே இருந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவ பெத்தது, ஐயா,” என்றாள் மதினி. “நான் வாங்கினது.”

கிராணி பேனாவை வைத்துவிட்டார். “வாங்கினதோ? பிள்ளையை வாங்கினதோ? உள்ளுக்குத் துரை இருக்கிறார். மெதுவாக் கதையும். அவருக்குக் கேட்டால் இரண்டு பேரையும் பொலிசிலை குடுப்பார். எவ்வளவு காசுக்கு வாங்கினது?”

“காசுக்கு இல்லைங்க. தவிட்டுக்கு.”

“தவிட்டுக்கோ!”

நானும் அவளும் மாறி மாறிச் சொன்னோம். மூன்று குழி, முறம், குப்பை மேடு, ஏழு வயது எல்லாவற்றையும் சொன்னோம். ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் எடுத்தாள். நேற்றிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கேட்டு முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் என்னிடம் சொன்னார்:

“சரி. நான் மாத்தி எழுதித் துரையிட்டைக் கையெழுத்து வாங்குவன். ஆனால் நீர் உம்முடைய வாயாலை சொல்ல வேணும். இது ஆற்றை பிள்ளை?”

நான் வாயைத் திறந்தேன்.

ஐந்து வருடம். காய்ச்சல் வந்த நாட்களில்கூடச் சொல்லவில்லை. அவள் தூங்கும்போது காதில்கூடச் சொன்னது கிடையாது. இப்போது பகலில், நாலு பேர் நடமாடுகிற ஆபீசில், காகிதத்தில் ஏறும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லி, இரண்டு நாளில் அவளைக் கடல்மேல் கொண்டுபோக வேண்டும். சொன்னால் செத்துவிடுவாள் என்று என் வயிறு சொன்னது. சொல்லாவிட்டால் இழந்துவிடுவேன் என்று அதே வயிறு சொன்னது.

“சொல்லும்,” என்றார் கிராணி.

மதினி முழங்கையால் என் விலாவில் இடித்தாள். “சொல்லித் தொலை புள்ள. நான் சொல்லிட்டேன்ல. எனக்கு மட்டும் என்ன லேசா இருந்துச்சா?”

“என் மக,” என்றேன். “என் மகதாங்க, ஐயா.”

அவர் எழுதினார். பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் பார்ப்பதுபோல.

படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். என் மகள் சாகவில்லை. இன்றைக்கும் இருக்கிறாள். மூன்று பிள்ளை பெற்றுவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடம், அவளுக்கு ஏழு முடிகிற வரை, அவள் தும்மினால்கூட நான் எழுந்து உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்புகிற ரயிலில் மதினி பேசினாள். முகத்தைத் திருப்பாமல் பேசினாள். “நேத்து நீ சொன்னது இருக்கட்டும். அது ஒன்கூடயே வரட்டும். ஆனா புள்ளையைச் சும்மா தூக்கிட்டுப் போகாத. முறைப்படி தவிட்டைத் திருப்பிக் குடு. குடுத்து வாங்கிட்டுப் போ. இல்லாட்டி ஒட்டாது.”

நான் தலையை ஆட்டினேன். ‘மன்னிச்சிக்க’ என்று ஒரு சொல் அப்போது சொல்லியிருக்கலாம். பெட்டியில் எங்களைத் தவிர ஆள்கூட இல்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இப்போது எழுதுகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

கப்பல் வந்த காலையில் கிடங்கு வாசலில் வேலை நின்றது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தண்டல் முதலில், “ஏய், தொங்கான் காலியாகணும்” என்று சத்தம் போட்டார். அப்புறம் அவரே ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் என் புருஷனைச் சூழ்ந்து நின்றார்கள். அவருடைய கெட்ட கையைப் பிடிக்கத் தயங்கினார்கள். அவர் வேண்டுமென்றே அந்தக் கையை நீட்டினார். ஒவ்வொருத்தரும் இரண்டு கையாலும் அதைப் பிடித்துவிட்டு நகர்ந்தார்கள். கோப்பிக் கடைச் சீனர் டப்பாப் பால் ஒன்றைக் கொண்டுவந்து என் மூட்டையில் திணித்தார். மலாயில் வேகமாகச் சொன்னார், கப்பலில் பிள்ளைக்கு வாந்தி வந்தால் வெந்நீரில் கரைத்துக் கொடு என்று. சொல்லிவிட்டு நிற்காமல் கடைக்குப் போய்விட்டார்.

பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே கேலி பேசினார்கள்.

“அங்க போயி சாக்கு தைக்கிறேன்னு நிக்காதடி. சாக்குல போடவே ஒண்ணும் இல்லியாம்.”

“இவ வாயை வச்சுப் பொழைச்சுக்குவா. ஒரு ஊரையே தச்சுப்புடுவா.”

“ஏன்டி, ஒன்னை அங்க இந்தியாக்காரின்னு நம்புவாங்களா? தண்ணி கேக்கிறப்ப மலாய்ல ‘ஆயர்’னு கேட்டு வைக்காத.”

நான் எல்லோரையும் திட்டினேன். அழுகையை எனக்கு வேறு விதமாக நிறுத்தத் தெரியாது. போகிறவர்கள் பதினோரு வீடு, நிற்கிறவர்கள் பதினாறு வீடு. யார் எந்தப் பட்டியலில் என்பதை ஒரு துரை முடிவு செய்தார். அவர் எங்கள் லயத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அந்த மனிதருக்கு இந்தப் பதினாறு வீடும் பதினோரு வீடும் ஒரே வீடு என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு தவிடு. கிழிந்த சாக்கிலிருந்து ஒரு படி அளந்து வைத்திருந்தார்கள். மதினி முந்தானையை விரித்துக்கொண்டு என் எதிரில் நின்றாள். லயத்தில் இதெல்லாம் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். நான் தவிட்டை அவள் முந்தானையில் கொட்டினேன்.

“வாங்கிக்க. என் புள்ளையைக் குடு.”

“வாங்கிக்கிட்டேன். ஒன் புள்ளையை எடுத்துக்க.”

எடுத்துக்க என்றாள், ஆனால் பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். விடவில்லை. மதினி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவசரப்படவில்லை, இழுக்கவும் இல்லை. கடைசி விரலைப் பிரித்ததும், “அதுதான் ஒங்கம்மா. அங்க போ” என்றாள். என் கையில் கொடுத்தாள்.

முறை சொன்னவள் உடனே சொன்னாள்: “நீ இப்ப திரும்பி நடக்கணும். படகு தூரம் போற வரைக்கும் பாக்கக் கூடாது. நீ பாத்தா புள்ளையோட உசிரு ஒன் பக்கமே நிக்கும், அவளுக்குச் சேராது.”

மதினி திரும்பினாள். தவிட்டை முந்தானையில் பிடித்துக்கொண்டே கிடங்குக்குள் நடந்தாள். சுவர்போல அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

எங்களைப் படகில் ஏற்றினார்கள். கப்பல் தொலைவில் நின்றது. படகு நகர்ந்ததும் கரையில் நின்றவர்கள் கையை ஆட்டினார்கள், கத்தினார்கள். யார் என்ன கத்தினார்கள் என்பது காதில் விழவில்லை. என் மகள் படகின் விளிம்பில் எழுந்து நின்றாள். நான் அவள் பாவாடையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். அவள் கிடங்கைப் பார்த்து, “அம்மா!” என்று கூப்பிட்டாள்.

கிடங்கு வாசல் திறந்திருந்தது. உள்ளே அந்த முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்தது. சலவைச் சேலை, இடது பக்கம் சற்றுச் சாய்ந்த தோள். அசையவில்லை.

“அம்மா! அம்மா!”

இரண்டு தடவை அந்தத் தோள் ஆடியதைப் பார்த்தேன். திரும்பவில்லை. அவள் திரும்பாமல் நின்றதால்தான் என் மகள் பிழைத்தாள் என்று லயத்துப் பெண்கள் சொல்வார்கள். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். அவள் நின்றாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

என் புருஷன், “நீ பேசு புள்ள. நான் இங்க இருக்கேன்னு சொல்லு. ஒன்னைத்தானே இப்ப அம்மான்னு கூப்பிடணும்” என்றார்.

நான் பேசவில்லை. பிள்ளையின் பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கப்பல் ஏணி வரைக்கும் அவள் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அது என்னைக் கூப்பிட்டது இல்லை.